எண்விசையில் எழுத்து: தொலைபேசிவழித் தகவல் மீட்பின் வளர்ச்சி

தொலைபேசியின் எண்விசைகளில் ஒரு பெயரை எழுத்துக் கூட்டி அழுத்தி, கணினியிலுள்ள தகவலைக் குரல்வழிக் கேட்டறியும் முறை இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவில் உருப்பெற்றது. எழுத்துகளுக்கிடையிலான குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பு பயனரிடமிருந்து படிப்படியாகக் கணினிக்கு மாறியதே இவ்வளர்ச்சியின் அடிப்படைப் போக்கு என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

எண்களோடு எழுத்துகள் சேர்ந்தது கணினிக்காக அன்று. அமெரிக்க நகரங்களில் தொலைபேசி எண்கள் இணைப்பகப் பெயரின் முதலெழுத்துகளோடு தொடங்கியதால், சுழற்றும் தட்டின் 2 முதல் 9 வரையிலான எண்கள் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று எழுத்துகள் ஒதுக்கப்பட்டன. க்யூ, இஸட் ஆகிய இரண்டும் விடுபட்டன. நியூயார்க்கில் ‘பென்சில்வேனியா 6-5000’ என்று சொல்லப்பட்ட எண், பி, ஈ என்னும் எழுத்துகள் 7, 3 ஆக மாறி, 736-5000 என்றே சுழற்றப்பட்டது.

பெல் நிறுவனம் 1963 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் அறிமுகப்படுத்திய ‘டச்-டோன்’ தொலைபேசியும் அவ்வெழுத்து அமைப்பையே பின்பற்றியது. இதில் ஒவ்வொரு விசையும், தான் அமைந்துள்ள கிடைவரிசைக்கு ஒன்றும் நெடுவரிசைக்கு ஒன்றுமாக, இரு ஒலிகளை ஒருசேர எழுப்பும். சான்றாக, 5-ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட ஒலிகள் எழும். பேச்சு செல்லும் பாதையிலேயே இவ்வொலிகளும் செல்வதால், இணைப்பு ஏற்பட்ட பின்னரும் மறுமுனையிலுள்ள கணினி அவற்றை இனங்கண்டுகொள்ள முடிந்தது. 1968-இல் உடுக்குறியும் சதுரக்குறியும் சேர்ந்தபோது கட்டளைகளுக்குரிய தனி விசைகளும் கிடைத்தன.

ஆயினும் ஒரு விசைக்கு மூன்று எழுத்துகள் என்பது சிக்கலாகவே நின்றது. எழுத்துள்ள விசையை அழுத்தி, அவ்விசையில் அது எத்தனையாவது எழுத்து என்பதை இன்னொரு விசையால் குறிப்பது ஒரு தீர்வு. இதன்படி ‘ஸ்மித்’ என்னும் ஆங்கிலப் பெயரின் ஐந்து எழுத்துகளுக்குப் பத்து அழுத்தங்கள் தேவைப்பட்டன. எழுத்துக்கு ஓர் அழுத்தம் என்ற முறையில் 76484 என்பதே போதும். அவ்வெண்தொடர் 243 எழுத்துச் சேர்க்கைகளுக்கு இடமளித்தாலும், அவற்றுள் பெரும்பாலானவை சொல்லாகவே அமையா. ஆகவே, கணினி தன் பட்டியலிலுள்ள பெயர்களை முன்கூட்டியே எண்தொடர்களாக மாற்றி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் உரிய பெயர் கிடைத்துவிடும். ‘ஹில்’, ‘கில்’ ஆகிய இரண்டும் 4455 ஆவதுபோன்ற மோதல்களில் மட்டும் பயனரிடம் கேட்டுத் தெளிந்தால் போதும்.

எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜேம்ஸ் டேவிஸ், தாமஸ் ட்ரோபா ஆகியோர் 1987-இல் விவரித்த வழிகாட்டு அமைப்பு இக்கருத்தின் தேர்ந்த பயன்பாடாகும். பாஸ்டன் பகுதியில் வண்டியோட்டுவோர், புறப்படும் இடத்தையும் சேருமிடத்தையும் விசைகளில் அழுத்தினால், செல்லவேண்டிய வழியைக் கணினி செயற்கைக் குரலில் கூறியது. ‘பீக்கன்’ தெருவை நாடுபவர் 232266 என அழுத்தவேண்டும். 1989-இல் தொடங்கிய ‘மூவிஃபோன்’ சேவை இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. திரைப்படப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை அழுத்தினாலே காட்சி நேரங்களை அது அறிவித்தது. அதன் எண்ணின் இறுதிப் பகுதியான 3456-உம் ‘ஃபிலிம்’ என்னும் சொல்லின் விசைவடிவமே.

பின்னர், டீஜிக் நிறுவனத்தின் ‘டி9’ மென்பொருள் எழுத்துக்கு ஓர் அழுத்தம் என்னும் இதே நெறியைக் கைபேசியில் செய்தி எழுதுவதற்குப் பயன்படுத்தியது. ஆனால் அகராதியில் இல்லாத சொல்லை எழுத நேர்ந்தால், ஒரே விசையைப் பலமுறை அழுத்தி எழுத்தைத் தெரிவுசெய்யும் பழைய முறைக்கே பயனர் திரும்பவேண்டியிருந்தது. பெயர்கள் முன்கூட்டியே தெரிந்த தெருப் பட்டியலிலும் திரைப்படப் பட்டியலிலும் கணினியால் ஏற்க முடிந்த பொறுப்பு, எல்லையற்ற மொழியின் முன் மீண்டும் மனிதரிடமே வந்து சேர்ந்தது. எனவே இம்முறையின் வெற்றியை முடிவுசெய்தது விசைகளின் எண்ணிக்கை அன்று, கணினியிடமிருந்த சொற்பட்டியலின் நிறைவே எனலாம்.