கண்ணீர் இருந்தும் காயும் கண்கள்

கண் எரிகிறது, மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்றால், "கண் காய்ந்து போச்சு, சொட்டு மருந்து விடு" என்பார்கள். ஆனால் சிலருக்குக் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணும் காய்ந்துகொண்டே இருக்கும்! இதற்கான விடை இமை ஓரத்திலும் முகத்தோலிலும் இருக்கிறது. அதைக் கண்டறிய மருத்துவ உலகுக்கு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

குடிகாரன் என்ற பழி

ரோசேசியா என்பது நாள்பட்ட தோல் நோய். கன்னமும் மூக்கும் சிவக்கும். பரு போன்ற கொப்புளங்கள் வரும். சிலருக்கு மூக்கே தடித்துப் புடைத்துவிடும். கிர்லாந்தாயோ சுமார் 1490இல் வரைந்த, பாரீஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, முதியவரும் பேரனும் இருக்கும் ஓவியத்தில் அப்படி ஒரு மூக்கைக் காணலாம்.

ஐரோப்பாவில் இந்தச் சிவந்த மூக்குக்காரர்களைப் பார்த்தாலே குடிகாரர்கள் என்று முடிவு கட்டினார்கள். மது சிலருக்குச் சிவப்பைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் மதுவைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இந்நோய் வரும். வலியோடு பழியும் சேர்ந்தது.

1666: ஒரு கடிதம்

ஜெர்மனியின் ஹெல்ம்ஸ்டெட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ரிக் மைபோம், 1666இல் இமைகளில் உள்ள நுண்ணிய சுரப்பிகளை விவரித்து ஒரு கடிதம் வெளியிட்டார். அவருக்கு முன்பும் சிலர் அவற்றைக் கண்டிருந்தாலும் அவர் பெயரே நிலைத்தது. மேல் இமையில் சுமார் 30 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 மைபோமியன் சுரப்பிகள் உள்ளன. இவை எண்ணெய் சுரப்பவை. கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, அது ஆவியாகாமல் காப்பது இந்த எண்ணெய்தான்.

தோலும் கண்ணும்

வியன்னாவின் கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் ஆர்ல்ட், 1864இல் ரோசேசியா கண்ணையும் தாக்குவதை விவரித்தார். ஆனால் கவனமெல்லாம் கண்ணீரின் அளவிலேயே இருந்தது. 1903இல் ஓட்டோ ஷிர்மர், இமையில் காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடத்தில் அது எவ்வளவு நனைகிறது என்று அளக்கும் சோதனையைக் கொண்டுவந்தார். எளிய, நல்ல சோதனை. ஆனால் அது அளப்பது தண்ணீரை மட்டுமே. எண்ணெய் குறைந்தவர் இதில் தேறிவிடலாம். எரிச்சல் மட்டும் போகாது.

1980இல் அமெரிக்காவின் டொனால்ட் கோர்ப், ஹென்ரிக்கஸ் இருவரும் மைபோமியன் சுரப்பிச் செயலிழப்பைத் தனிக் கோளாறாக எடுத்துக் காட்டினர். 2011இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று, உலர்கண் நோய்க்கு இதுவே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்றது.

மருந்தும் அன்றாடக் கவனிப்பும்

1948இல் வந்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகை மருந்துகளின் முன்னோடி. பிரிட்டனில் ஸ்னெட்டன் 1966இல் வெளியிட்ட ஆய்வு, டெட்ராசைக்ளின் ரோசேசியாவுக்குப் பலன் தருவதைக் காட்டியது. கிருமி கொல்லப் போதாத சிறிய அளவிலும் இவ்வகை மருந்து அழற்சியைத் தணிக்கும் என்பது பின்னர் தெரிந்தது. மருத்துவர் சொல்லாமல் இதை உட்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது.

அன்றாடச் சிகிச்சையோ மிக எளிது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது போல, சுரப்பியில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்கிறது. வெதுவெதுப்பான துணியை மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் அது இளகும். பிறகு மெதுவாக நீவி, இமை ஓரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நோய் முழுதாகத் தீராது என்பதால் இது பல் துலக்குவது போல ஒரு பழக்கமாக வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை உதவும் என்ற நம்பிக்கை உண்டு. ஆனால் 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் அது ஆலிவ் எண்ணெயை விடக் கூடுதல் பலன் தரவில்லை.

மாநிறத்தில் மறையும் நோய்

ரோசேசியா வெள்ளைத் தோலில் பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சிலருக்குத் தோலுக்கு முன்பே கண்ணில் தொடங்கிவிடும். அதனால் நம்மைப் போன்ற நிறத்தவர்களிடம் இந்நோய் கவனிக்கப்படாமல் போகிறது. கவனிக்காமல் விட்டால் கருவிழியில் புண் வந்து பார்வையே பாதிக்கப்படலாம்.

எனவே கண் எரிச்சல் மாதக்கணக்கில் தீரவில்லையா? கண் மருத்துவரிடம் முகத்தில் ஏற்படும் எரிச்சலையும் பருக்களையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆர்ல்ட் 1864இல் கண்ட தொடர்பு அதுதான்!