இல்லாத உடையைத் தேடிய துப்பறிவாளர்

ஆராயாது உரைத்த ஒரு சொல்லாற் பாண்டியன் உயிர்துறந்த செய்தியைச் சிலப்பதிகாரத்திற் கற்றவர் நாம். ஆராய்ந்து உண்மை கண்டவனுக்கும் உலகம் எளிதிற் செவிசாய்ப்பதில்லை என்பதை ஆங்கில நாட்டு வரலாறொன்று உணர்த்துகின்றது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இலண்டன் போலீஸ் படையில் 1842-ஆம் ஆண்டு எண்மரைக் கொண்டு துப்பறியும் பிரிவொன்று முதன்முதல் அமைக்கப்பெற்றது. அவ்வெண்மருள் ஒருவர் ஜானதன் விச்சர். இவர் தோட்டக்காரர் ஒருவரின் மைந்தர்.

வில்ட்ஷையர்ப் பகுதியில் ரோடு என்னும் சிற்றூரில் சாமுவேல் கென்ட் என்னும் அரசாங்க உத்தியோகஸ்தர் வாழ்ந்துவந்தார். 1860 ஜூன் 29-ஆம் நாள் இரவில், அவருடைய இரண்டாம் மனைவி ஈன்ற, நான்கு வயது நிரம்பாத ஆண்மகவு படுக்கையினின்றும் மறைந்தது. மறுநாட் காலையில் அக்குழந்தை தோட்டத்துக் கழிப்பிடத்தில் கழுத்தறுபட்டுக் கிடக்கக் கண்டனர். உள்ளூர்ப் போலீசார் குழந்தையை வளர்க்கும் செவிலிமீது ஐயங்கொண்டனர். இரு வாரங் கழிந்தபின்னரே விச்சர் வரவழைக்கப்பெற்றார்.

அவர் ஆராய்ந்த முறை யாது? கூடத்துச் சாளரம் உள்ளிருந்தே திறக்கப்பட்டதாதலின், கொலையாளி வீட்டினுள் உறைபவரே என்று முதற்கண் துணிந்தார். அடுத்து, இருப்பதைத் தேடுவதினும் இருக்கவேண்டியதில் எஃது இல்லை என்று கணக்கிட்டார். முதல் மனைவியின் மகளாகிய பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸ் என்பாளுக்கு இராவுடை மூன்று உண்டு. எண்ணிப் பார்த்தபோது இரண்டே இருந்தன. மூன்றாவதைச் சலவைக்காரி தொலைத்தாள் என்றனர் வீட்டார். விச்சர் அதனை ஏற்றிலர். பணிப்பெண் துணிகளை எண்ணிக் கூடையிலிட்ட பின்னர், அவளைத் தண்ணீர் கொணருமாறு அனுப்பிவிட்டு, அந்த இடைவேளையில் கான்ஸ்டன்ஸே உடையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள் என்று உய்த்துணர்ந்தார். பழைய செய்திகளையும் வினவினார். 1856-இல் அவள் ஆண்வேடம் பூண்டு வீட்டைவிட்டு ஓடியபோது, தன் உடையையும் கத்தரித்த கூந்தலையும் மறைத்துவைத்த இடம் அதே கழிப்பிடம் என்பது புலனாயிற்று.

ஜூலை 20-ஆம் நாள் அவளைக் கைது செய்தார். ஆயினும் உடை கிடைத்திலது. கொலை நடந்த அன்றே, குருதி படிந்த உடையொன்று சமையலறை அடுப்பினுள் அகப்பட்டதையும், பின்னர் அதைக் காணாமற் போகவிட்டதையும் உள்ளூர்ப் போலீசார் அவருக்குக் கூறாது மறைத்திருந்தனர். ஒரு வாரத்தில் மாஜிஸ்திரேட்டுகள் அவளை ஜாமீனில் விடுத்தனர். தோட்டக்காரர் மகன் கனவான் வீட்டுப் பெண்மீது பழி சுமத்தினானே என்று பத்திரிகைகள் சீறின. விச்சர் மனமும் உடலும் நைந்து 1864-இல் பணியினின்று விலகினார்.

மறு ஆண்டு ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் இலண்டன் நீதிமன்றத்திற்குத் தானே வந்து, கொலை செய்தவள் தானே என்று ஒப்புக்கொண்டாள். மரண தண்டனை விதிக்கப்பெற்றுப் பின் ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. இருபதாண்டு சிறையிலிருந்து 1885-இல் விடுதலை பெற்றாள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே விச்சர் காலமாகியிருந்தார்.

போதிய சான்று கைவருமுன் கைது செய்தமை விச்சரின் பிழை எனலாம். சான்றின்றித் தண்டியாத மாஜிஸ்திரேட்டுகளின் செயலும் நெறியே. ஆயின் உலகத்தார் அவரை இகழ்ந்தது சான்றின் குறைவு கருதியன்று. குடியின் உயர்வு கருதி. அவ்வீட்டில் ஐயம் முதலில் விழுந்தது செவிலிமீது. உடை தொலைந்த பழி விழுந்தது சலவைக்காரிமீது. கூலிக்கு உழைப்போர்மீது பழி தானே உருண்டு விழும். அதனைத் தடுத்தது விச்சர் எண்ணிய எளிய துணிக்கணக்கே.

அன்பர்காள்! நம் இல்லத்தில் ஒரு பொருள் காணாமற்போயின் முதலில் யாரை நோக்குகின்றோம்? வேலைக்காரரை அன்றோ? பிறப்பை நோக்காது கணக்கை நோக்குக. ஆராய்ச்சியின் முதற்பாடம் இதுவேயாம்.