ஒரு ரப்பர் வாஷரின் வரலாறு: ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதன் கிளட்ச்சும்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் வரும் ஊர் தாமல். பெரிய ஏரிக்குப் பேர்போன ஊர். இன்று இந்த ஊருக்குக் கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லட்சக்கணக்கில் கார்கள் தயாராகின்றன. மேற்கே சோளிங்கரில் பிரேக் பாகங்களுக்கான வார்ப்பட ஆலை இருக்கிறது. 1960-களில் இதே சாலையில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றே வகைதான்: அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இந்த மூன்றில் ஹெரால்டுதான் நம்ம ஊர்ச் சரக்கு. சென்னையை அடுத்த வண்டலூரில் செய்தது. அதைச் செய்த கம்பெனி மூடிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனாலும் சில வீடுகளில் அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. ஓடுகிறதா, நிற்கிறதா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது எஞ்சின் அல்ல, கிளட்ச் சிலிண்டருக்குள் இருக்கும் விரல் நுனி அளவு ரப்பர் வாஷர். இந்தக் கட்டுரை அந்த வாஷரின் கதை.

தறியும் காரும்

காஞ்சிபுரம் பக்கம் குழித்தறியைப் பார்த்தவர்களுக்கு கிளட்ச்சைப் புரியவைப்பது சுலபம். நெசவாளர் குழிக்குள் கால் வைத்து மிதியை அழுத்துகிறார். கயிறு இழுக்கிறது, பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. காலின் விசையைக் கயிறு கொண்டுபோகிறது. பழைய கார்களின் கிளட்ச்சும் ஏறக்குறைய இப்படித்தான்: பெடலை மிதித்தால் கம்பியோ கேபிளோ இழுத்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்துவிடும்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. அந்த வேலையைத் திரவம் செய்கிறது. பெடலுக்கு முன்னால் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே மெல்லிய குழாய். பெடலை மிதித்தால் மாஸ்டரின் பிஸ்டன் திரவத்தைத் தள்ளும். அந்தத் திரவம் ஸ்லேவின் பிஸ்டனைத் தள்ளும். ஸ்லேவின் பரப்பு மாஸ்டரைப் போல இரண்டு மடங்கு என்றால் விசையும் இரண்டு மடங்காகும், நகரும் தூரம் பாதியாகும்.

தத்துவம் பழையது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் சொல்லிவிட்டார். அதை இயந்திரமாக்கி 1795-ல் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா. பிஸ்டன் ஓரத்தில் நீர் கசிவதுதான் அவருக்குத் தலைவலி. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே கொடுத்த தீர்வு, கிண்ணம் போல வளைந்த தோல் வாஷர். உள்ளே அழுத்தம் கூடக் கூட அதன் உதடு சிலிண்டர் சுவரோடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதாவது கசியவைக்கும் அழுத்தமே கசிவை அடைக்கிறது! தோலுக்குப் பதில் ரப்பர் வந்ததைத் தவிர இன்றைய கிளட்ச் வாஷரிலும் இதே யோசனைதான்.

வண்டலூர் கார்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கின. முதலில் வேன்கார்டு கார்களைப் பூட்டும் வேலைதான் நடந்தது. 1953-ல் மத்திய அரசின் கொள்கை மாறியது. வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டினால் மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்க வேண்டும் என்றது அரசு. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டு வெளியேறின. ஸ்டாண்டர்டு தங்கியது.

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 1961-ல் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூரில் தயாராகத் தொடங்கியது. 948 சிசி எஞ்சின். முன்பக்கம் முழுவதும், மட்கார்டு விளக்குகளோடு சேர்த்து, ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடல் பாகங்கள். இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் பின்னால் இங்கே வந்தது.

இந்தக் காரின் கிளட்ச் ஹைட்ராலிக்காக இருந்ததற்குக் காரணம் உண்டு. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்து எப்போதும் லேசாக ஆடிக்கொண்டிருக்கும். பெடலோ உடலோடு பொருத்தப்பட்டது, ஆடாது. ஆடாத ஒன்றையும் ஆடுகிற ஒன்றையும் விறைப்பான கம்பியால் இணைத்தால் வண்டி கிளம்பும்போது உதறும். நடுவே ஒரு ரப்பர் ஹோஸ் இருந்தால் அந்த ஆட்டம் பெடலுக்கு வராது. தவிர, பெடல் வலப்பக்கமோ இடப்பக்கமோ, குழாயை எப்படியும் வளைத்துக்கொண்டு போகலாம்.

இந்தியாவிலேயே தயாரிக்க வேண்டும் என்ற விதியால் பாகங்களுக்கும் ஆலைகள் தேவைப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் ஆலைகள் வரிசையாக எழுந்தன. அவற்றில் ஒன்று, இங்கிலாந்தின் கர்லிங் தொழில்நுட்பத்தோடு 1962-ல் வந்த பிரேக்ஸ் இந்தியா. சென்னை வாகனத் தொழிலின் தலைநகரமானது ஹூண்டாய் வந்த 1990-களில் அல்ல. பிரேக் சிலிண்டர், சக்கரம், டைனமோ என்று சின்னச் சின்னப் பாகங்களை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்ட அந்தக் காலத்திலேயே அதற்கு அஸ்திவாரம் விழுந்துவிட்டது.

'ஆயில்' என்ற பெயரில் ஒரு ஆபத்து

அந்தக் காலத்து பிரேக், கிளட்ச் திரவத்தில் இருந்தது நமக்குத் தெரிந்த ஆமணக்கெண்ணெய்தான்! அதை ஆல்கஹாலோடு கலந்து பயன்படுத்தினார்கள். காரணம், ஆமணக்கெண்ணெய் இயற்கை ரப்பரைக் கெடுக்காது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் கெடுத்துவிடும். பின்னர் கிளைக்கால் சார்ந்த திரவங்கள் வந்தன. டாட் 3, டாட் 4 என்று இன்று கடையில் கிடைப்பவை இவைதான். இவையும் ரப்பரோடு ஒத்துப்போகும்.

நம் ஊரில் இந்தத் திரவத்துக்குப் பெயர் 'பிரேக் ஆயில்'. வம்பு இந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆயில்தானே என்று அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ டப்பாவில் ஊற்றினால், வாஷர்கள் சில நாளிலேயே ஊறி உப்பிப் பஞ்சுபோல ஆகிவிடும். அதன் பிறகு சிலிண்டரைக் கழுவினால் மட்டும் போதாது. எல்லா வாஷரையும் ஹோஸையும் மாற்ற வேண்டும், குழாய்களை அலசியெடுக்க வேண்டும்.

கிளட்ச் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அதே ஹெரால்டில் கிளட்ச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் இருக்கிறது. அதே பாட்டில்தான் அதற்கும் போகிறது. இன்றைய கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனி வழிகள் உண்டு, ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். அன்றைய ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே வழி. கிளட்ச்சில் செய்த தவறு உயிரோடு விளையாடுவது இங்கேதான்.

மாறாக, பிரான்சின் சிட்ரோயன் 1966-லிருந்து பெட்ரோலிய எண்ணெயையே ஹைட்ராலிக் திரவமாக வைத்தது. அதற்கேற்ற ரப்பரையும் போட்டது. இரண்டும் குழம்பிவிடாதிருக்க எண்ணெய்க்குப் பச்சை நிறம் கொடுத்தார்கள். எந்தத் திரவம் உயர்ந்தது என்பதல்ல கேள்வி. எந்த ரப்பருக்கு எந்தத் திரவம் என்பதுதான்.

மூடிய கதவுகள்

ஹெரால்டு 1971-ல் நின்றது. அடுத்து 1972-ல் வந்த கேஸல் 1977 வரை ஓடியது. அதன்பின் சில ஆண்டுகள் கம்பெனி வேன்களை நம்பியே இருந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. ரோவரின் நவீன உடல், உள்ளே வேன்கார்டு காலத்து எஞ்சினின் வாரிசு! விலையும் அதிகம். 1988-ல் எல்லாம் முடிந்துபோனது.

கம்பெனி போனால் உதிரிபாகமும் போகும். பழைய ஹெரால்டு வைத்திருந்தவர்கள் புதுப்பேட்டைக் கடைகளையும், பக்கத்துப் பட்டறைகளையும், தங்கள் கையையும் நம்ப வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் இந்தக் காருக்கு ஆர்வலர் சங்கம் 1977-லிருந்து இருப்பதால் அங்கே பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கடல் தாண்டி ஒரு ரப்பர் கிட்டை வரவழைப்பவர்களும் உண்டு.

வீட்டிலேயே செய்வது எப்படி?

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். பெடல் மெத்தென்று தரைவரை போகிறது, ரிவர்ஸ் போட்டால் கியர் கறகறவென்று கத்துகிறது என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. நாலைந்து முறை மிதித்தால் சரியாகிறதா? அப்படியானால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டரின் வாஷர் தேய்ந்திருக்கிறது. டப்பாவில் திரவம் குறைகிறதா? பெடல் மேலே ஈரம் தெரிந்தால் மாஸ்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஈரமானால் ஸ்லேவ். திரவம் குறையவே இல்லை, ஆனாலும் பெடல் மெல்ல இறங்குகிறது என்றால் மாஸ்டருக்கு உள்ளேயே கசிவு. சில நேரம் பெடலும் கம்பியும் சேரும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கும். சிலிண்டரைக் கழற்றுவதற்கு முன் அதையும் பார்த்துவிட வேண்டும்.

ஹெரால்டில் ஒரு பெரிய வசதி உண்டு. கியர்பாக்ஸ் மூடியைக் காருக்குள்ளிருந்தே கழற்றலாம். கியர்பாக்ஸையே உள்பக்கமாக வெளியே எடுத்துவிடலாம். பள்ளம் தோண்டிய ஒர்க்‌ஷாப் தேவையில்லை. மாஸ்டரோ முன்பக்கத்தைத் திறந்தாலே கண்ணெதிரே இருக்கும்.

சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை எடுத்து, உட்சுவரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் உள்ளே துரு ஏற்றும். சுவர் கண்ணாடி போல இருந்தால் புது வாஷர் போட்டால் போதும். குழி விழுந்திருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் சில வாரம்தான் தாங்கும். லேத்தில் கொடுத்து ஸ்லீவ் போட வேண்டும், அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும்.

கழுவுவதற்கு பிரேக் திரவமோ ஸ்பிரிட்டோ மட்டும்தான். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கூடாது, காரணம் மேலே சொன்னதே. வாஷரின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதையும் தாங்காது. பெயிண்டில் ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும்.

கடைசி வேலை காற்று எடுப்பது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். கிளட்ச்சின் நகர்வே சிறியது என்பதால் ஒரு குமிழி இருந்தாலும் மிதித்த மிதியெல்லாம் அதை அமுக்குவதிலேயே போய்விடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவின் நிப்பிளைத் திறந்து, காற்று கலந்த திரவத்தைக் குழாய் வழியே பாட்டிலில் விட்டு, பெடல் மேலே வருவதற்கு முன் மூட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதே வேலை. நடுவில் மேலே டப்பா காலியானால் மறுபடி முதலிலிருந்து. நிப்பிள் சிலிண்டரின் மேல்பக்கம் இருக்க வேண்டும். காற்று மேலே போகும் என்பதை மறந்து சிலிண்டரைத் தலைகீழாகப் பூட்டினால் நாள் முழுக்க மிதித்தாலும் காற்று வராது. வெளியே வந்த பழைய திரவத்தைத் திரும்ப ஊற்றக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாத் திரவத்தையும் மாற்றிவிட்டால் சிலிண்டரின் ஆயுள் கூடும்.

எது மிஞ்சியது?

வண்டலூர் ஆலை நின்ற இடத்தில் பின்னாளில் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன. இந்தக் காரைச் செய்த கைகளில் பலவும் இன்று இல்லை. ஒரு காரின் வரலாறு என்றால் யார் தொடங்கினார்கள், எப்போது மூடினார்கள் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் அந்தக் கார் 1988-க்குப் பிறகும் ஓடியதற்குக் காரணம் வேறு. எந்த வாஷருக்கு எந்தத் திரவம், உதடு எந்தப் பக்கம், நிப்பிளை எப்போது மூட வேண்டும் என்று தெரிந்த சிலர் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இவற்றில் பெரும்பகுதி ஒருவர் செய்ய இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றது. பெடலை மிதிக்கும் ஒருவரும் கீழே நிப்பிளைப் பிடிக்கும் ஒருவருமாக இன்னும் எங்காவது இருவர் சேரும்வரை, வண்டலூரில் மூடிய ஆலையின் வேலை கொஞ்சம் பாக்கியிருக்கிறது.