ஹாஸ்டலில் ஃபோன் தடை, வைஃபை கட்... கல்லூரிக்கு அந்த அதிகாரம் இருக்கா? சட்டம் சொல்வது என்ன?

கெங்கவல்லியில் இருந்து ஆத்தூருக்கோ சேலத்துக்கோ போய் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு, செமஸ்டர் ரிசல்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பாடக் குறிப்பு என எல்லாமே இப்போது ஃபோனில்தான். அந்த ஃபோனையே மாலையில் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? பக்கத்து மாநிலமான கேரளாவில் இது ஐகோர்ட் வரை போனது.

கேரளாவில் நடந்தது என்ன?

கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள ஸ்ரீ நாராயணகுரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஃபோன் கூடாது என்பது விதி. 2019 ஜூனில் இது மாலை 6 முதல் இரவு 10 என மாறியது. அதாவது, படிக்கிற நேரம் பார்த்து தடை! இளநிலை மாணவிகளுக்கு லேப்டாப்பும் கூடாது என்றார்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்த ஃபஹீமா ஷிரின் இதை ஏற்கவில்லை. விடுதியில் இருந்து வெளியேற்றப்பட்டார். கோர்ட்டுக்குப் போனார்.

பெற்றோர் கேட்டதால்தான் கட்டுப்பாடு என்றது கல்லூரி. 2019 செப்டம்பர் 19-ல் தீர்ப்பளித்த நீதிபதி பி.வி.ஆஷா அதை ஏற்கவில்லை. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும், அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனியுரிமையிலும் அடங்கும் என்றார். 18 வயது தாண்டியவர் எப்போது ஃபோனை எடுப்பது என்பதை அவரே முடிவு செய்யலாம். மற்றவர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்கவும் உத்தரவானது.

அப்போ கேம்பஸ் வைஃபை?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அந்த வழக்கு மாணவியின் சொந்த ஃபோன் பற்றியது. வைஃபை என்பது நிர்வாகத்தின் நெட்வொர்க். ஃபயர்வால் போட்டு கேம், சினிமா தளங்களைத் தடுப்பதும், லாகின் கேட்பதும் வழக்கமான நடைமுறை. மும்பை ஐஐடியே 2007-ல் ஹாஸ்டல் இணையத்தை இரவு 11 மணி முதல் மறுநாள் மதியம் 12.30 வரை நிறுத்தியது. காலை வகுப்புக்கு ஆள் வரவில்லையாம்!

சிக்கல் என்னவென்றால், ஃபயர்வாலுக்கு பாடமும் பொழுதுபோக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. யூடியூபை மொத்தமாக மூடினால் பாட வீடியோவும் சேர்ந்தே போகும். பேராசிரியரும் இதே நெட்வொர்க்கில்தான் வகுப்புக்குத் தயாராகிறார். அதனால் எந்தத் தளத்தைத் தடுப்பது, தவறாகத் தடுத்ததை யாரிடம் சொல்லித் திறப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது பொருந்துமா?

கேரள தீர்ப்பு இங்கே கட்டாயம் அல்ல. ஆனால் சென்னை ஐகோர்ட்டில் மேற்கோள் காட்டி வாதாடலாம். பெண்கள் விடுதிக்கு மட்டும் ஃபோன் தடை என்றால் இன்னொரு பிடியும் உண்டு. பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாரபட்சமான விதியை மாணவிகள் விடுதியில் போடக் கூடாது என்கிறது யுஜிசியின் 2015 விதிமுறை. வார்டனிடம் மனு கொடுக்கும்போது இந்த இரண்டையும் குறிப்பிட்டு, கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.