கயிற்றில் ஒட்டி வந்த வெளிச்சம்

1880-ல் வியன்னாவிலிருந்து ஓர் இளைஞர் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். பெயர் கார்ல் ஆவர். தந்தை அரசு அச்சகத்தின் தலைவராக இருந்தவர். மகனை இழுத்ததோ வேதியியல். அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், இன்றும் பள்ளி ஆய்வுக்கூடங்களில் பெயர் நிலைத்திருக்கும் ராபர்ட் புன்சன். புன்சன் அடுப்பின் சுடரில் சூடு அபாரம், ஆனால் வெளிச்சம் இல்லை. வெளிச்சமே இல்லாத அந்தச் சுடர்தான் பின்னாளில் ஊரையே பகலாக்கப்போகிறது என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, மாணவரும் நினைக்கவில்லை.

ஆவர் எடுத்துக்கொண்டது அருமண் தனிமங்களை. ஒன்றோடொன்று பின்னிக்கிடந்து, பிரித்தெடுக்கவே பிடிகொடுக்காத உலோகங்கள் அவை. அவற்றின் உப்பைச் சுடரில் காட்டி, எழும் நிறத்தைக் கொண்டு அடையாளம் காண்பதே அவர் வேலை. கம்பி முனையில் வைத்த துளி உப்பு போதிய ஒளி தரவில்லை. எனவே உப்புக் கரைசலில் பருத்தி இழைகளை நனைத்துச் சுடரில் பிடித்தார். பருத்தி எரிந்து தீர்ந்தது. ஆனால் சாம்பல் உதிரவில்லை. இழையின் வடிவம் அப்படியே நின்றது. நின்றதோடு பளீரென்று ஒளிரவும் செய்தது.

நிறம் பார்க்கப் போனவர் கையில் விளக்கு கிடைத்துவிட்டது. 1885-ல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். மெக்னீசியம், லாந்தனம், இட்ரியம் ஆகியவற்றின் உப்புகளில் தோய்த்த துணிக்கூடு, எரியும் எரிவாயுச் சுடர்மேல் ஒரு தொப்பி போல உட்கார்ந்தது. 1887-ல் வியன்னாவை ஒட்டிய ஆட்ஸ்கெர்ஸ்டார்ஃபில் தொழிற்சாலையும் வந்தது. அதோடு தொல்லையும் தொடங்கியது. வெளிச்சம் பச்சையடித்தது. கூடுகளோ லேசாக அதிர்ந்தாலே நொறுங்கின. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். 1889-ல் தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டது. எரிவாயு விளக்கின் காலம் முடிந்தது, இனி மின்விளக்குதான் என்று ஊர் பேசியது.

ஆவர் மீண்டும் ஆய்வுக்கூடத்துக்குள் போனார். இந்த முறை கைவைத்தது தோரியத்தில். 1828-ல் நார்வே நாட்டுக் கனிமம் ஒன்றிலிருந்து ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் கண்டெடுத்த உலோகம் அது. தோரியக் கூடு அழகாக ஒளிர்ந்தது. இன்னும் சுத்தப்படுத்தினால் இன்னும் ஒளிரும் என்று சுத்தப்படுத்தினார். மங்கியது. மேலும் சுத்தப்படுத்தினார். மேலும் மங்கியது. சுத்தம் கூடக் கூட ஒளி குறைகிறதென்றால், வெளிச்சம் இருந்தது அழுக்கில்தானே?

அந்த அழுக்கின் பெயர் சீரியம். தோரியம் சூட்டைத் தாங்கி நிற்கும்; வெளிச்சம் தருவது சீரியம். ஆனால் சீரியம் கூடினாலும் கெட்டது, குறைந்தாலும் கெட்டது. ஆவர் கண்ட பக்குவம் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. 1891 நவம்பர் 4 அன்று வியன்னாவின் ஓபரா கஃபே வாசலில் அந்த விளக்கு ஏற்றப்பட்டது. வெள்ளை வெளிச்சம்! மூடிய தொழில் மீண்டும் எழுந்தது; ஐரோப்பியத் தெருக்கள் ஒவ்வொன்றாக மின்னின. ஆனால் இத்தனை கூடுகளுக்கும் தோரியம் எங்கே கிடைக்கும்?

நார்வேயின் அரிய கனிமம் ஊறுகாய்க்கும் போதவில்லை. பிரேசில் கடற்கரையில் மோனசைட் என்ற தோரியம் கலந்த மணல் கிடைத்தது. அதை ஜெர்மன் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து கைக்குள் வைத்துக்கொண்டன. அந்தப் பிடிக்கு வெளியே வேறு மணல் கிடைக்குமா என்ற தேடலுக்கு 1909-ல் விடை கிடைத்தது. சுரங்கத்திலிருந்தல்ல, கயிற்றிலிருந்து.

திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன தேங்காய் நார்க் கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் தட்டி உதறியிருப்பார்கள். ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். உள்ளே மோனசைட். கயிறு வந்த வழியே தடம் பிடித்துக்கொண்டு அவர் கடல் கடந்து வந்தார். தடம் முடிந்த இடம் குளச்சலுக்கு அருகே ஒரு கடலோர ஊர்: மணவாளக்குறிச்சி.

அங்கே அலை காலங்காலமாக ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. எடை குறைந்த வெள்ளை மணலை வாரிக்கொண்டு போய், கனமான கருமணலைக் கரையிலேயே விட்டுச் சென்றது. அந்தக் கருமணலுக்குள் தேன் நிறத்தில் மோனசைட் மணிகள். ஷோம்பெர்க் அங்கேயே ஆலை அமைத்தார். தொழில் சூடுபிடித்த நேரத்தில் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் உளவாளி என்ற குற்றச்சாட்டில் ஷோம்பெர்க் கைதானார். மணல் பிரிட்டிஷ் கைக்குப் போனது. சில ஆண்டுகளிலேயே பிரேசிலை முந்திக்கொண்டு திருவிதாங்கூர் முன்னுக்கு வந்தது. ஆனாலும் அந்த வெளிச்சத்துக்கு ஒரு கட்டு இருந்தது.

எரிவாயுக் குழாய் எட்டும் இடம்வரைதான் அதன் ஆட்சி. சுவரை விட்டு இறங்கி, தோட்டத்துக்கோ தோப்புக்கோ தேரோடும் வீதிக்கோ அதனால் வர முடியாது. மண்ணெண்ணெயை ஆவியாக்கி அதே கூட்டை எரிக்கும் முறையை ஆர்தர் கிட்சன் உருவாக்கினார். அது கலங்கரை விளக்கங்களுக்குப் போனது. அதைக் கையில் தூக்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும். பெர்லினில் 1866 முதல் விளக்குத் தொழில் நடத்திவந்த ஏரிஹ் அண்டு கிரேட்ஸ் நிறுவனத்தில் ஒருவர் அதில் இறங்கினார்.

1910-ஐ ஒட்டி அவர் செய்த விளக்கில் எல்லாம் ஒரே உடம்பில் அடங்கின. கீழே எண்ணெய்த் தொட்டி, பக்கத்தில் காற்றடிக்கும் பம்பு, நடுவே மெல்லிய பித்தளைக் குழாய், மேலே துணிக்கூடு. முதலில் சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்துக் குழாயைச் சூடாக்க வேண்டும். பிறகு பம்பை அடித்தால் எண்ணெய் மேலேறி ஆவியாகி, ஊசித்துளை வழியே பாயும். ‘உஸ்’ஸென்ற இரைச்சலோடு கூடு வெள்ளை வெளேரென்று பொங்கும். கண்ணாடிச் சிம்னிக்குள் இருப்பதால் காற்று அணைக்காது, தலைமேல் கூரை இருப்பதால் தூறலும் அணைக்காது. குழாயும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பெர்லினில் பிறந்த அந்த விளக்கு, தனக்கு மணல் கொடுத்த நாட்டுக்கே கப்பலேறியது.

தமிழ்நாட்டில் அதைக் ‘காஸ் லைட்’ என்றார்கள். தீவட்டி புகைந்த சாமி புறப்பாட்டில் காஸ் லைட் வரிசை நின்றது. மாப்பிள்ளை அழைப்பில் நாகஸ்வரக்காரருக்கு இருபுறமும் தலையில் விளக்கைச் சுமந்து ஆட்கள் நடந்தார்கள். தெருக்கூத்தில் கட்டியங்காரன் முகம் கடைசி வரிசைவரை தெரிந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் அதுதான் பந்தலின் அலங்காரமும் வெளிச்சமும். சைக்கிள் கடைகள் அதை வாடகைக்கு விட்டன. 1984-ல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி வைத்திருந்ததும் அப்படியொரு கடைதான். அங்கே செந்தில் கைபட்டு உடைந்த மேண்டில்தான் கார்ல் ஆவரின் துணிக்கூடு. முதல்முறை எரிந்ததுமே துணி போய்ச் சாம்பல் மட்டும் நிற்பதால்தான் தொட்டதும் அது பொடிந்தது. பெர்லினில் அந்த விளக்கைச் செய்தவர் மாக்ஸ் கிரேட்ஸ். பெட்ரோலியத்தையும் தன் பெயரையும் சேர்த்து அவர் வைத்த பெயர், பெட்ரோமாக்ஸ்.

1950-ல் தொடங்கப்பட்ட இந்திய அரசின் அருமண் நிறுவனம் மேண்டில் தொழிலுக்குத் தோரிய நைட்ரேட் தந்தது. பிறகு மின்சாரம் ஊரூராகப் பரவியது, காஸ் லைட் பரணுக்கு ஏறியது. 1996-ல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் வெள்ளை எல்இடியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது கதை முடிந்ததாகவே தோன்றியது.

முடியவில்லை. எல்இடிக்குள் பிறப்பது நீல ஒளி. அதை வெள்ளையாக்குவது மேலே பூசிய மஞ்சள் பொடி. அந்தப் பொடியில் இருப்பது ஆவரின் தோற்றுப்போன முதல் கலவையிலிருந்த இட்ரியம். அதை ஒளிரவைப்பது, அவர் அழுக்கிலிருந்து கண்டெடுத்த அதே துளி சீரியம். இன்று மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ கொளுத்திவைக்காமலே எரியும் சார்ஜ் லாந்தர்கள் பெரும்பாலானவற்றுக்குள் வெள்ளை தருவது அதுதான். சீரியத்தின் முக்கியக் கனிமங்களில் ஒன்று மோனசைட். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்த மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இன்றும் இயங்குகிறது. வெளிச்சத்தின் வரலாற்றில் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் உள்ள இடம் இந்தக் கடற்கரைக்கும் உண்டு.