கூட்டம் கூடாத பொங்கல்

வன்னியின் வரலாறு பேசப் புகுவோர் பெரும்பாலும் பண்டாரவன்னியனில் தொடங்கிக் குளங்களில் முடிப்பர். நான் இன்று எடுத்துக்கொள்வது அண்மைக் காலச் செய்தி ஒன்றை. ஆயினும் அதன் வேர் சிலப்பதிகாரத்தின் வாயிலிலேயே கிடக்கிறது.

அந்நூலின் உரைபெறு கட்டுரையை மாணவருக்குப் பல தடவை படிப்பித்திருக்கிறேன். பாண்டிநாடு மழையின்றி வறண்டு, வெப்பு நோயும் கொப்புள நோயும் தொடர்ந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழாச் செய்தான். மழை பெய்தது, நோய் அகன்றது. அதைக் கேள்வியுற்றே கொங்கரும், பின்னர் நம் இலங்கைக் கயவாகு மன்னனும் அவளுக்கு வழிபாடு செய்தனர் என்கிறது அக்கட்டுரை. ஆக, கண்ணகி விழா பிறந்ததே கொள்ளை நோயின் மடியில்தான். மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மன் பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளையாகி, அதுவே வற்றாப்பளையாயிற்று என்பது முல்லைத்தீவு மக்களின் ஐதிகம். சொற்பிறப்பை நான் வற்புறுத்த வரவில்லை.

வைகாசியில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, அதன் பின் நந்திக்கடலோரம் பொங்குவார்கள். வழிபாடு மட்டுமா அது? வருடத்தில் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியில் கிடக்கும் இன்பமும் அதில் உண்டு. வண்டில் கட்டி வந்து, மரநிழலில் பாய் விரித்து, விடிய விடியக் கோவலன் கூத்துப் பார்த்தவர்களின் கதை கேட்டு வளர்ந்தவன் நான். வண்டிலின் இடத்தை உழவு இயந்திரமும் பஸ்ஸும் பிடித்துக்கொண்டன. பாய் மட்டும் மாறவில்லை.

அந்தப் பாயை நம்பித்தான் கச்சான் கடையும், காப்புக் கடையும், ஐஸ்கிறீம் வண்டியும். என்னிடம் படித்த ஒரு மாணவியின் தாய் கச்சான் வறுத்து விற்பவர். பங்குனியில் புளியம்பொக்கணை, வைகாசியில் வற்றாப்பளை, ஆவணியில் நல்லூர் என்று அவருடைய ஆண்டு கோயில்களால் ஆனது. 2020 மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. நாகதம்பிரான் பொங்கலுக்கென்று கடனுக்கு எடுத்த கச்சான் மூட்டைகள் அவர் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தன. "சேர், வண்டு விழுந்திட்டுது" என்றார் என்னிடம், வேறொன்றும் சொல்லாமல். அரசு கொடுத்த 5000 ரூபா அரிசிக்கும் மாவுக்கும் போயிற்று, கடனுக்கு எட்டவில்லை. வைகாசியிலும் வற்றாப்பளையில் பெருங்கூட்டம் கூட இடமில்லை. 2021இலும் அதே கதைதான்.

நோயைத் தீர்க்க எழுந்த விழாவை நோயே நிறுத்திற்றே என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அக்குறை இல்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அயலாரைப் படலையோடு நிறுத்தியவர்கள்தாம் நம் முன்னோர். ஒதுங்கியிருத்தல் அவர்களுக்குத் தெரியாத ஒன்றன்று. ஆனால் மூடிய அறையிலும் நெருக்கமான பஸ்ஸிலும் இந்நோய் எளிதாய்ப் பரவும், காற்றோட்டமான வெளியில் அவ்வளவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. குளக்கட்டில் மாலையில் நடப்பதற்கும் அன்று அஞ்சினோமே, அது வீண் அச்சம். 2009இல் அந்த நந்திக்கடற்கரை ஆளற்றுப் போனதை அறிந்தவர்களுக்கு, மீண்டும் வெறுமையாய்க் கிடந்த வீதியைப் பார்ப்பது எளிதாயிருக்கவில்லை.

2022 வைகாசியில் சனம் திரும்பிற்று. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் அது. சைக்கிளில் வந்தவர்களும் நடந்து வந்தவர்களும் பலர். அந்தத் தாயும் தாச்சியோடு வந்திருந்தார். கச்சான் விலை ஏறியிருந்தது. கடதாசிச் சுருளைச் சிறிதாகச் சுற்றி, என் கையில் தந்து, காசு வாங்க மறுத்தார். நான் தாச்சியின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.