இடைச் சேமிப்புக்கு ஒரு புறவழி

ஊருக்குள் வேலையில்லாத வண்டிகள் புறவழிச் சாலையில் விலகிச் செல்வதை நாம் அறிவோம். கணிப்பொறி வலையமைப்பிலும் செய்திகளுக்கு இத்தகைய புறவழி தேவைப்பட்டது. ஏன் தெரியுமா?

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1989-ஆம் ஆண்டில் டிம் பெர்னர்ஸ்-லீ வைய விரிவு வலையை முன்மொழிந்தார். விரைவிலேயே அதன் பயன்பாடு பெருகிற்று. நூறு பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால், அது தொலைவிலிருந்து நூறு முறை வரவேண்டுமா? ஒருமுறை வந்ததைப் படியெடுத்து அருகிலேயே வைத்துக்கொண்டால் போதுமே! இவ்வாறு படிகளைச் சேமிக்கும் அமைப்புக்குக் கேச் என்று பெயர். 1994-இல் செர்ன் மென்பொருளில் இவ்வசதி இடம்பெற்றது. 1996-இல் ஸ்குவிட் என்னும் இலவச மென்பொருள் வெளிவந்தது.

தொடக்கத்தில் ஒவ்வொரு கணிப்பொறியிலும் கேச்சின் முகவரியைக் குறிப்பிட வேண்டியிருந்தது. 1997-இல் சிஸ்கோ நிறுவனம் வெளியிட்ட கேச் கருவி இத்தொல்லையை நீக்கியது. 80-ஆம் எண் வாயிலுக்குச் செல்லும் கோரிக்கைகளை ரௌட்டரே கேச்சுக்குத் திருப்பிவிட்டது. இடையில் ஒரு கருவி இருப்பதே பயனருக்குத் தெரியாது.

இங்குதான் சிக்கல் முளைத்தது. தன்னிடம் இல்லாத பக்கத்தைக் கேச் தன் சொந்த முகவரியிலிருந்து கேட்டது. சில தளங்களோ முகவரியைப் பார்த்தே அனுமதி வழங்கின. பல்கலைக்கழகம் சந்தா கட்டிய ஆய்விதழை அதன் மாணவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியிலுள்ள கேச்சின் முகவரி சந்தாப் பட்டியலில் இல்லை. ஆகவே, உரிமையுள்ளவருக்கே கதவு அடைபட்டது! குறை எங்கே என்று கண்டறியவும் அவரால் இயலாது.

இதற்குத் தீர்வாக வந்தவையே புறவழி விதிகள். அவற்றுள் முக்கியமானவை மூன்று. முதலாவது, நிலையான விதி: இன்ன முகவரிக்குச் செல்வதைத் தொடாதே என்று பொறுப்பாளர் முன்கூட்டியே எழுதிவைப்பது. இரண்டாவது, தானியங்கு விதி: தளம் 401, 403 போன்ற மறுப்புக் குறிகளை அனுப்பினால், பயனர், தளம் ஆகிய இருவரின் முகவரிகளையும் கருவி குறித்துக்கொண்டு, சிறிது காலம் அவர்களை நேராகத் தொடர்புகொள்ள விடும். மூன்றாவது, சுமை விதி: வேலை மிகுந்தால் ஒரு பகுதியைத் தொடாமல் அனுப்பிவிடுவது.

பின்னாளில் மறையாக்கம் பரவியது. இன்று பெரும்பாலான பக்கங்கள் 443-ஆம் எண் வாயில் வழியே மறைமொழியில் செல்கின்றன. வழியில் நிற்கும் கருவியால் அவற்றைப் படித்துச் சேமிக்க இயலாது. தள உரிமையாளரின் இசைவோடு இயங்கும் கேச்சுகளே இப்போது அப்பணியைச் செய்கின்றன. ஆயினும், இவ்வரலாறு உணர்த்தும் உண்மை மாறவில்லை: இடையில் நின்று உதவ வரும் கருவிக்கு, எப்போது விலகி நிற்க வேண்டும் என்பதையும் கற்பித்தாக வேண்டும்.